அண்ணனுக்கு ஒரு சீட்

என் அண்ணனுக்கு டாக்ஸியில் ஜன்னலோரச் சீட் பிடித்தபோது அவன் செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

பணம் கட்டித்தான் பிடித்தேன். செத்தவன் என்பதற்காக யாரும் ஓசியில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன் அது. ஜோபர்க் பட்டணத்திலிருந்து எங்கள் ஊர் ம்சிங்காவுக்கு உயிரோடிருப்பவனுக்கு என்ன கட்டணமோ அதேதான் அவனுக்கும். எங்கள் ஜனங்களில், வெளியூரில் செத்தவனின் உடலை மட்டும் கொண்டுவந்து புதைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. உயிர் விழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். வீட்டு ஆள் ஒருவர் இலந்தைக் கிளையோடு அங்கே போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவனைக் கிளையில் ஏற்றி, வழியெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே கூட்டிவர வேண்டும். அவனிடம் மட்டும்தான் பேச வேண்டும். உயிருள்ள எவரிடமாவது ஒரு வார்த்தை பேசினாலும் அவன் அந்த இடத்திலேயே இறங்கிவிடுவான்.

அண்ணன் பெயர் பெகுமூசி. வீட்டைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். நல்ல பேர் வைத்தார்கள் போங்கள், பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனவன் வருஷத்துக்கு ஒருமுறை டிசம்பரில் வருவான். ஜனவரி நாலாம் தேதியானால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். ஜோபர்க்கில் உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கியபடி துடைக்கும் வேலை. போனில் பீற்றிக்கொள்வான்.

"உள்ள இருக்கறவன் டீ குடிக்கறான் தெம்பேனி. எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு கண்ணாடிதான். அவனுக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஆனா இந்த ஊரு பூரா எனக்குத் தெரியுது. இங்கேருந்து எறங்கவே மனசு வரல."

பதினெட்டாவது மாடியில் கயிறு விட்டது. அப்போதுதான் இறங்கினான்.

உடல் வந்தது, புதைத்தோம். சித்தப்பா அதோடு போதும் என்றுவிட்டார். ஆனால் அண்ணனின் மகள் லாண்டிவேக்குப் போதவில்லை. ஆறு வயசு. பொழுது சாய்ந்தால் வாசல் வேலியருகே போய் நிற்பாள். உள்ளே இழுத்து வந்தால் கத்துவாள், கத்திக் கத்திக் காய்ச்சல் வரும். "அப்பா வெளிய நிக்கறாரு, கால் சில்லுனு இருக்குதாம்" என்பாள். சாப்பாடு இறங்கவில்லை. கையைப் பிடித்தால் குச்சி மாதிரி இருக்கும். அண்ணி விதவைக் கறுப்பில் இருந்தாள், ஒரு வருஷம் ஊரைத் தாண்ட முடியாது. குறி பார்க்கும் அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "அவனைக் கூட்டிட்டு வாங்க, இல்லேன்னா அவன் இவளைக் கூட்டிட்டுப் போவான்."

சித்தப்பாவுக்குக் கால் வீக்கம். வீட்டில் வேறு ஆண் இல்லை. ஆகவே நான். இருபத்திரண்டு வயசு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நாலு வருஷமாக ஆற்றிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தவள். எனக்குப் பதிலாகப் பேச மாகோசா சித்தி கூட வந்தாள். சித்திக்குப் பேச்சு என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க," என்றாள் போகும் வழியில். "நாளைக்குப் பூரா உனக்கு வாய் கெடையாது. எப்படித்தான் பொழைக்கப் போறியோ. ஒருத்தன் கால மிதிச்சாக்கூட 'அம்மா'ன்னு கத்தக் கூடாது, தெரிஞ்சுக்கோ."

"உங்களுக்குத்தான் சித்தி அது கஷ்டம். எனக்கென்ன."

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அண்ணன் விழுந்த நடைபாதையில் காலை ஒன்பது மணிக்கு நின்றோம். கட்டடக் காவல்காரர் கிளையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். கோட்டு போட்டவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"ஷாந்து, நான் தெம்பேனி வந்திருக்கேன். உன்னைக் கூப்பிட வந்திருக்கேன். இந்த இடத்த விட்டு வா. வீட்டுக்குப் போலாம். புள்ள வாசல்ல நிக்கறா."

தோளில் கிடக்கும் குழந்தை தூங்கிப்போனதும் சட்டென்று கனக்குமே, கிளை அப்படிக் கனத்தது. அழுதுவிட்டேன். அழுவதற்குத் தடை இல்லை. "ரோடு தாண்டறோம் ஷாந்து. இப்போ வலது பக்கம் திரும்பறோம்," என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

தெருமுனையில் ஒரு பெண் காத்திருந்தாள். டினியோ. அண்ணனோடு ஐந்து வருஷம் ஒரே அறையில் இருந்தவள் என்று தெரியும், பார்த்ததில்லை. சோத்தோ இனம், எங்கள் ஜனமில்லை. சித்தி இடுப்பில் கை வைத்தாள்.

"நீதானா அது?"

"நான்தான் மா அது. அவரு சட்டைய யாரு தொவைச்சான்னு நெனைச்சீங்க?"

சித்தி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அவரு போர்வை, ஷூ எல்லாம் ரூம்ல இருக்கு," என்றாள் டினியோ, சற்றுத் தணிந்து. "நீங்க எடுத்துக்கணும்ல. அவரும் ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும் மா. சொல்லாமகூட போயிட்டாரு."

பதினான்காவது மாடி. லிஃப்ட் செத்து எத்தனையோ வருஷம். மாடிக்கு மாடி அண்ணனிடம் சொல்லிக்கொண்டே ஏறினேன். சித்தி மாடிக்கு மாடி லிஃப்ட்டைத் திட்டிக்கொண்டே ஏறினாள். ஒரு அறையை மூன்று படுக்கை விரிப்புகளால் நாலாகப் பிரித்திருந்தார்கள். அண்ணனின் பங்கு ஜன்னல் பக்கம். அந்த ஒரு ஜன்னலுக்காக மாதம் முந்நூறு ராண்ட் கூடுதலாகக் கொடுத்தானாம். எனக்குச் சிரிப்பு வந்தது, நாளெல்லாம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து கண்ணாடிக்குக் காசும் கொடுத்திருக்கிறான்.

பிறகு அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இதில் பொய் சொல்லப் போவதில்லை. நெற்றி கண்ணாடியில் படும்வரை போய் நின்றேன். தெருத்தெருவாக ஊதாப் பூ மரங்கள், அதற்கு மேல் தகரக் கூரைகள், அதற்கும் மேல் ஒரு ஒல்லிக் கோபுரம். கீழே எத்தனை ஆயிரம் பேர், ஒருவரும் ஒருவரை நிறுத்தி "நீ யார் மகள்" என்று கேட்கவில்லை. சிவப்புக் கோட்டு போட்ட ஒருத்தி தனியாகத் தெருவைக் கடந்தாள், யாருக்கோ கேட்டுவிடப் போகிறதே என்ற பயமில்லாமல் போனில் சிரித்துக்கொண்டு. அண்ணா, இதற்குத்தானா என்று நினைத்தேன். அவன் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்து, பொறாமையாக மாறிப்போனது.

டினியோ என் தலையையே பார்த்தாள். "இத யாரு பின்னினது?"

நான் கிளையைப் பார்த்தேன். சித்தி சொன்னாள், "அவளேதான். கண்ணாடிகூட பாக்காம பின்னுவா. எங்க ஊர்ல எல்லாத் தலையும் இவ கையிலதான்."

டினியோ என் பின்னலை விரலால் தடவிப் பார்த்தாள், துணிக்கடையில் துணியைத் தடவுவது மாதிரி.

டாக்ஸி நிலையத்தில் வரிசையைக் கவனிக்கும் ஆள் காகிதத்தில் பயணிகள் பேரை எழுதிக்கொண்டிருந்தான். நெடுந்தூர வண்டிக்கு அது கட்டாயம். "மூணு சீட்டு," என்றாள் சித்தி. இரண்டு பேர்தானே என்று நிமிர்ந்தவன் கிளையைப் பார்த்துவிட்டு, "அவரு பேரு?" என்று மட்டும் கேட்டான். பெகுமூசி ம்பாத்தா என்று எழுதினான். வண்டியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை ஒடுக்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் காலிச் சீட்டைப் பார்த்து, "வாங்க ஷாந்து, நல்லபடியா போய்ச் சேருவோம்," என்றார். டிரைவர் பாட்டை நிறுத்தினார். இந்த மரியாதையெல்லாம் உயிரோடிருந்தபோது அண்ணனுக்குக் கிடைத்ததில்லை.

வண்டி நிரம்ப வேண்டும், இன்னும் நாலு பேர் வர வேண்டும். சித்திக்குப் பசி. எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனாள். அவள் தலை மறைந்ததும் ஜன்னலில் டினியோ வந்து நின்றாள். மூச்சிரைத்தது. ஓடி வந்திருக்கிறாள்.

"தெம்பேனி, பேசாத, கேளு மட்டும். நான் வேலை செய்யற சலூன்ல ஒரு சேர் காலி. ஓனரம்மாகிட்ட இப்பத்தான் போன் போட்டேன். ரெண்டு வாரத்துல வந்தா உனக்கு, இல்லேன்னா வேற யாருக்கோ. ரூம்ல அவரு எடம் இருக்கு, வாடகையப் பாதி போட்டுக்கலாம். வருவியா? தலைய ஆட்டு, போதும்."

தலையை ஆட்டினால் போதும் என்றாள். அதைத்தான் பதினோரு வருஷமாக நினைத்து நினைத்துச் சாகிறேன். ஒரு தலையசைப்பு. அண்ணன் என் இடது பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான், கிளை என் மடியில் கனத்துக்கொண்டிருந்தது, தலையை ஆட்டியிருந்தால் அப்படியே இருந்திருப்பான்.

"வர்றேன்," என்றேன்.

தானாக வந்து விழுந்த வார்த்தை. சந்தோஷத்தில் விழுந்தது. அதுதான் இன்னும் மோசம்.

மடியில் கிளை லேசானது. வெறும் குச்சி. பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன், வெறும் சீட்டு. டினியோ வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். முன்னால் இருந்த கிழவர் தூங்கிப்போயிருந்தார், மற்ற யாரும் கவனிக்கவில்லை. சித்தி விரலை நக்கிக்கொண்டே வந்து ஏறி, "நிறைஞ்சிடுச்சு, கெளம்பலாம்," என்றாள்.

இறங்கியிருக்கலாம். இறங்கி, நின்று, மறுபடி கூப்பிட்டிருக்கலாம். சித்தியிடம் என்ன சொல்வது? ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பேசிவிட்டாள், ஒரு நாள்கூட வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று. என்னைத் திரும்பவும் இந்தப் பட்டணத்துக்கு அனுப்பவும் மாட்டார்கள். இதையும் அப்போதே கணக்குப் போட்டேன், மறைக்க மாட்டேன். வெறும் குச்சியிடம், "ஷாந்து, பாலம் தாண்டறோம்," என்று ஆறு மணி நேரம் சொல்லிக்கொண்டே போனேன்.

லாண்டிவே வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா எங்க?"

"சும்மா இருடி, வந்தாச்சு," என்று சித்தப்பா அதட்டினார். ஆடு வெட்டினார்கள். கிளையைச் சமாதியில் வைத்தார்கள். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பிள்ளை மட்டும் அன்று மாலையும் வாசலுக்குப் போனாள்.

இரண்டு வாரத்தில் நானும் போனேன்.

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் சேருவதற்காகவே கெட்டவள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஐந்தாவது வருஷம் சலூனில் என் பேர் சொல்லிக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். சிவப்புக் கோட்டு ஒன்று வாங்கினேன். முதல் மாதமே ஒருவன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஊரில் ஆற்றிலிருந்து தூக்கிய தண்ணீரை இங்கே பதினான்கு மாடி தூக்கினேன். கால் வலித்தாலும் மேலே போய் வாளியை இறக்கிவைத்து ஜன்னலில் நின்றால் எல்லாம் சரியென்று தோன்றும். அண்ணனின் இடத்தில் படுத்தேன், அவன் சாய்ந்து சாய்ந்து கறை பிடித்த சுவரில் சாய்ந்தேன். டினியோ கல்யாணமாகிப் போனாள். அந்த வார்த்தையைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசவில்லை.

அவன் எங்கும் போகவில்லை. உயரத்தில் யாராவது கண்ணாடி துடைத்தால் நான் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவேன். இந்த ஊர் டாக்ஸிகளில் பின்சீட்டுக்காரர் காசை முன்சீட்டுக்காரரிடம் கொடுத்து, கை மாற்றி மாற்றி டிரைவருக்கு அனுப்புவது வழக்கம். தோளில் இரண்டு விரல் தட்டும், திரும்பாமலே கையை நீட்டி வாங்கிக்கொள்வோம். சில நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்னால் கண்ணாடி மட்டும்தான் இருக்கும். தோளில் இரண்டு விரல் தட்டும். முதல்முறை பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அப்புறம் நீட்டுவதில்லை. அவனும் தட்டுவதை நிறுத்தவில்லை.

ஊருக்குப் பணம் அனுப்புவேன். போக மாட்டேன். லாண்டிவே எப்படி என்று கேட்டால் அண்ணி சொல்வாள், "எட்டாவது போயிட்டா. இன்னும் வாசல்லதான்." "பத்தாவது பாஸ். வாசல்லதான்." ஒருமுறை காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எழுந்து வந்த அன்றே வாசலுக்குப் போனாளாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை சலூன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நெடுநெடுவென்று அண்ணன் உயரம். கையில் துணி சுற்றிய கிளை. நான் பின்னிக்கொண்டிருந்த தலையை அப்படியே விட்டேன்.

"அத்தை," என்றாள் லாண்டிவே. "பரீட்சை முடிஞ்சிடுச்சு. எனக்குப் பதினேழு ஆயிடுச்சு. நானே கூப்பிட்டுக்கறேன். மாகோசா பாட்டி செத்துட்டாங்க, எனக்குப் பதிலாப் பேச ஆளில்ல. நீங்க வர்றீங்களா?"

"ரெண்டு மணிக்கு ஒரு கஸ்டமர் இருக்கு," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"அதுக்குள்ள முடிச்சிடலாம்."

அதே நடைபாதை. காவல்காரர் வேறு ஆள். லாண்டிவே கிளையை நீட்டிக் கூப்பிட்டாள். நின்றாள். மறுபடி கூப்பிட்டாள். அவள் தோள் அசையவில்லை, கிளை காற்றில் ஆடியது. கூப்பிட்டுவிட்டாள், இனி யாரிடமும் பேச முடியாது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள்.

பதினோரு வருஷம் நான் ஓடி ஒளிந்தது அந்தப் பார்வையிலிருந்துதான்.

"இங்க இல்லடி," என்றேன். "எங்கூட வா."

டாக்ஸி நிலையத்தில் ம்சிங்கா வண்டி நிற்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். அந்த இடத்தை நான் பதினோரு வருஷமாக மிதிக்கவில்லை. தார்ச்சாலையைக் காட்டினேன்.

"இங்கதான் இறங்கிட்டாரு. நான் பேசிட்டேன். சலூன்ல சேர் இருக்குன்னாங்க, வர்றேன்னு சொல்லிட்டேன். உங்கப்பாவ வெச்சுக்கிட்டே சொன்னேன். வெறுங்குச்சியக் கொண்டுவந்து உங்க கையில குடுத்தேன். உனக்கு மட்டும்தான் தெரிஞ்சிது. ஏதாவது திட்டுடி."

திட்ட முடியாது. அது தெரிந்துதான் அந்த நேரத்தில் சொன்னேனோ என்னவோ, அவ்வளவு கோழை நான். அவள் தார்ச்சாலையைப் பார்த்தாள். கிளையை நீட்டினாள்.

"ஷாந்து. அப்பா. நான் லாண்டிவே. வாசல்ல நின்னு நின்னு கால் வலிக்குது. வாங்க, போலாம்."

அவள் தோள் சட்டென்று இறங்கியது. அந்தக் கனம் எனக்குத் தெரியும்.

காகிதத்தோடு வந்தவன், "எத்தனை சீட்டு?" என்றான்.

"ரெண்டு," என்றேன் அவளுக்காக.

லாண்டிவே மூன்று விரலைக் காட்டினாள். அவன் கையிலிருந்து பேனாவை வாங்கித் தானே எழுதினாள். முதலில் அவள் பேர், அடுத்தது அப்பா பேர். மூன்றாவதாக என் பேர்.

வண்டிக் கதவருகே நின்று கிளையிடம் சொன்னாள், "அப்பா, ஏறுங்க. ஜன்னலோரம் உங்களுக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னாள்:

"அத்தை, வீட்டுக்குப் போறோம். நீங்களும் ஏறுங்க."

செத்தவர்களிடம் மட்டும் பேச வேண்டியவள் என்னிடம் பேசினாள். வாய் தவறி விழும் வார்த்தை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அப்படி விழுந்ததில்லை. கிளையும் லேசாகவில்லை, அவள் கை அதே கனத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவள் கணக்கில் நானும் கூட்டிப்போக வேண்டிய உயிர்தான். உள்ளே இருந்தவர்கள் அவளையும் கிளையையும் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. கால்களை ஒடுக்கிக்கொண்டார்கள். கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா யார் முகத்தையும் பார்க்காமல், "வாங்க ஷாந்து," என்றாள்.

பையில் போன் அடித்தது. சலூன்தான். வர்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு பக்கத்துக்கும் அதே ஒரு வார்த்தைதான். மூடிக்கொண்டேன். கூப்பிட்டால் செத்தவர்கள் பதில் சொல்வதில்லை, வருவார்கள், அவ்வளவுதான். ஏறி நடுவில் உட்கார்ந்தேன்.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. லாண்டிவே எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தாள். சிக்னல் தாண்டறோம். பாலம் ஏறறோம். ஊர் முடியுது. என் முதுகுக்குப் பின்னால் அந்த ஒல்லிக் கோபுரமும் பதினான்காவது மாடி ஜன்னலும் சிறுத்துக்கொண்டு போவது பார்க்காமலே தெரிந்தது. பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

"திரும்பிப் பாக்காதீங்க, ஷாந்து," என்றாள் லாண்டிவே.

எங்கள் இருவருக்கும் அதே குலப்பெயர்தான். யாரைச் சொன்னாள் என்று கேட்க எனக்கு வாயில்லை. கழுத்து வலிக்க வலிக்க முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.